மலைப்பாம்பு வரிசை

மில்லுக்கார அக்காவிடம் "எனக்கு மட்டும் கொஞ்சம் சீக்கிரம்" என்று ஆரம்பித்து, அதை முழுதாகச் சொல்லி முடித்தவர்கள் சங்கரன்கோவிலில் அதிகம் பேர் இருக்க முடியாது. பாதியிலேயே அக்கா கையை நீட்டி வாசல் பக்கம் காட்டிவிடுவாள். அங்கே மாவு மில்லின் சுவரோரமாகத் தூக்குவாளிகளும் பிளாஸ்டிக் டப்பாக்களும் எண்ணெய் டின்னும் ஒன்றன் பின் ஒன்றாக இருக்கும். அதுதான் வரிசை. டப்பாவை வைத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போகலாம், வீட்டுக்குப் போய்க் குழம்பு வைத்துவிட்டு வரலாம். திரும்பி வரும்போது டப்பா இருந்த இடத்தில் இருக்கும், அல்லது முறைப்படி முன்னே நகர்ந்திருக்கும்.

எங்கள் தெரு முனையில் அந்த மில். ஒரு பக்கம் வத்தல் அரைக்கும் எந்திரம், இன்னொரு பக்கம் அரிசிக்கும் கோதுமைக்கும். அக்காவின் புருவமும் காதோர முடியும் எப்போதும் வெள்ளையாக இருக்கும். எந்திரச் சத்தத்தில் பேசிப் பேசிக் குரல் உயர்ந்துவிட்டது. வீட்டுக்குள் ரகசியம் சொன்னாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும். அவள் வீட்டுக்காரர் நேர் எதிர். பகலெல்லாம் மோட்டாரையும் பெல்ட்டையும் பார்த்துக்கொண்டு, ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

பஸ் ஸ்டாண்டுக்கு அவளோடு போவது தனி அனுபவம். ராஜபாளையம் பஸ் உள்ளே நுழையும்போதே ஆட்கள் ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் துண்டையும் கைக்குட்டையையும் போட்டு இடம் பிடிப்பார்கள். அக்கா ஓடமாட்டாள். படிக்கட்டில் முறையாக ஏறி, துண்டு கிடக்கும் சீட்டில் போய் உட்கார்ந்து, துண்டை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொள்வாள். துண்டுக்காரர் வந்து முறைத்தால் மரியாதையாக அவர் கையில் கொடுப்பாள். ஒருமுறை ஒரு பெரியவர் விடாமல் சண்டை பிடித்தார். "அண்ணாச்சி, ஒங்க துண்டு எனக்கு முந்தி வந்தது நெசந்தான். துண்டுக்கு ஒரு டிக்கெட் எடுங்க, நான் எந்திரிச்சுக்கிடுதேன்" என்றாள். பஸ்ஸே சிரித்தது. பெரியவர் ராஜபாளையம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார். பக்கத்தில் நின்ற நான் வெட்கத்தில் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இப்படிப்பட்டவளுக்குத் தீம் பார்க் மேல் ஏன் அவ்வளவு பைத்தியம் என்று ஆரம்பத்தில் எனக்கு விளங்கவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை, கோடை விடுமுறையில், ஒரு வேன் பிடித்து தெருப் பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போய்விடுவாள். நாலு மணி நேரப் பயணம். பார்க்கின் பேர் இங்கே வேண்டாம். கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த மறு வருஷத்திலிருந்து நானும் அந்த வேனில் உண்டு. பதினேழு பேர், புளியோதரைத் தூக்கு, மாற்றுத் துணிப் பைகள். அவள் வீட்டுக்காரர் எந்த விளையாட்டிலும் ஏறமாட்டார். உள்ளே ஒரு வேப்பமரத்தடியில் பதினேழு பேரின் பைகளுக்கும் நடுவே உட்கார்ந்து தினத்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து முடிப்பார்.

அங்கே ஒரு பெரிய ரோலர் கோஸ்டர் இருந்தது. பச்சையும் மஞ்சளுமாக மேலே ஏறி, தலைகீழாகச் சுற்றி, தண்ணீரை ஒட்டி இறங்கும். அதற்கு ஏதோ ஆங்கிலப் பேர். எங்கள் வேனில் அதற்குப் பேர் மலைப்பாம்பு. அக்கா ஒரு நாளில் நாலு தடவை மலைப்பாம்பில் ஏறுவாள். ஏறும்போது கத்தமாட்டாள், கண்ணையும் மூடமாட்டாள். வத்தல் அரைபடுவதைப் பார்க்கிற அதே முகத்தோடு போய்விட்டு வருவாள். மற்றவர்கள் அதில் ஏறுவதற்காக வரிசையில் நிற்பார்கள். அவளோ வரிசையில் நிற்பதற்காகத்தான் மலைப்பாம்புக்கு வருகிறாளோ என்று தோன்றும். கம்பித் தடுப்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து நகரும்போது முன்னால் நிற்பவளிடம் எந்த ஊர் என்று விசாரிப்பாள், பின்னால் அழுகிற பிள்ளைக்கு முறுக்கு கொடுப்பாள். அந்த ஒரு மணி நேரத்தில் அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மில்லில் பார்த்ததில்லை.

காரணத்தை ஒருநாள் அவளே சொன்னாள். கோதுமை அரைக்கக் கொண்டுபோயிருந்தேன், கரண்ட் போய்விட்டது. எந்திரம் நின்ற அமைதியில் படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம்.

அவள் பிறந்தது குருவிகுளம் பக்கத்தில் ஒரு கரிசல்காட்டு ஊர். அம்மா ஒரு பெரிய வீட்டுக் காட்டில் பருத்தி எடுக்கப் போவாள். சனிக்கிழமை கூலி வாங்க அந்த வீட்டின் பின்வாசலில் போய் நிற்க வேண்டும். முதலில் வந்தவர் முதலில் வாங்குவது என்று ஒன்றும் கிடையாது. யார் யாருக்கு முன்னால் வாங்கலாம் என்பது பிறந்தபோதே முடிவாகியிருந்தது. அம்மா எப்போது போனாலும் கடைசி ஆள். இருட்டிய பிறகு அரிசி வாங்கிக்கொண்டு அம்மா வரும்வரை பிள்ளைகள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

பின்னாளில் மகளிர் குழுவோடு முதல்முறை தீம் பார்க் போனபோது, மலைப்பாம்பு வரிசையில் அக்காவுக்குப் பின்னால் யாரோ ஒருவர் தடுப்பைக் குனிந்து தாண்டி முன்னே போகப் பார்த்திருக்கிறார். சீருடை போட்ட ஒரு சின்னப் பெண் அவரை நிறுத்தி, "சார், வரிசையில வாங்க" என்றிருக்கிறாள். திரும்பிப் பார்த்தால் அந்தப் பெரிய வீட்டு மகன். அரைக்கால் டவுசர், சொட்டச் சொட்ட நனைந்த பனியன். திரும்பி வந்து அக்காவுக்குப் பின்னால் நின்றிருக்கிறார். அவருக்கு இவளை அடையாளம் தெரியவில்லை.

"ஒரு மணி நேரம் எனக்குப் பின்னாலேயே நின்னாரு. எங்க அம்மைகிட்டப் போயிச் சொன்னேன். நம்பவே மாட்டேன்னுட்டா" என்றாள் அக்கா. அப்போது கரண்ட் வந்துவிட்டது. எழுந்துபோய் ஸ்விட்சைப் போட்டாள்.

பார்க் வருஷத்துக்கு வருஷம் மாறிக்கொண்டே வந்தது. முதலில் வெளிச் சாப்பாடு கூடாது என்றார்கள். புளியோதரையை வேனிலேயே உட்கார்ந்து தின்றுவிட்டு உள்ளே போனோம். பிறகு குடிதண்ணீர்க் குழாய்களை எடுத்துவிட்டு பாட்டில் கடை வைத்தார்கள். சேலையோடும் சுடிதாரோடும் தண்ணீரில் இறங்கக்கூடாது, நைலான் உடை வாடகைக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். பிள்ளைகளுக்கான பழைய குட்டி ரயிலைப் பிரித்துவிட்டு அந்த இடத்தில் போட்டோ ஸ்டுடியோ வந்தது. வேப்பமரமும் போயிற்று. திரும்பி வரும்போது வேன் முழுக்க ஒரே புலம்பலாக இருக்கும். இது நம்ம பார்க்கே இல்லை, அடுத்த வருஷம் வரவே கூடாது என்று ஆளாளுக்குச் சொல்வோம். அக்கா மட்டும் புலம்பமாட்டாள். நைலான் உடையில் தன்னைப் பார்த்துத் தானே விழுந்து விழுந்து சிரித்தவள் அவள்தான். "எல்லாருக்கும் அதே சட்டம்தானே, இருக்கட்டும்" என்பாள். மரம் போனதற்குக்கூட, வீட்டுக்காரருக்கு ஒரு குடை வாங்கிக் கொடுத்ததோடு சரி.

பிறகுதான் பட்டை வந்தது. கூடுதலாகக் கட்டினால் மணிக்கட்டில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டை மாட்டுவார்கள். அது இருந்தால் எந்த வரிசையிலும் நிற்க வேண்டாம். பக்கவாட்டில் தனி வழி.

அந்த வருஷம் என் வீட்டுக்காரரும் எங்களோடு வந்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் வெயிலில் வாடுவார்கள் என்று முன்கூட்டியே போனில் எங்கள் நாலு பேருக்கும் பட்டைக்குப் பணம் கட்டிவிட்டார். எனக்குத் தெரியும். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை. உள்ளே போனதும், நாங்கள் முதலில் தண்ணீர்ப் பக்கம் போகிறோம் என்று அவளிடம் பொய் சொல்லிவிட்டுப் பிரிந்துபோய்ப் பட்டையை வாங்கி மாட்டிக்கொண்டோம். சுடிதார்க் கையை இழுத்து மறைத்துக்கொண்டேன்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால், பக்கவாட்டு வழியாக மலைப்பாம்புக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் ஒரு கல்லூரிக் கூட்டம், எல்லார் கையிலும் ஆரஞ்சு. மலைப்பாம்பு ரயில் வந்து நின்றிருந்தது, ஆனால் யாரும் ஏறவில்லை. முதல் சீட்டில் அக்கா உட்கார்ந்திருந்தாள். பாதுகாப்புக் கம்பியைத் தானே இறக்கி மடியோடு அழுத்திப் பிடித்திருந்தாள்.

நடந்தது இதுதான் என்று பிறகு மற்றவர்கள் சொன்னார்கள். பத்தரை மணியிலிருந்து அவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அக்கா முதல் ஆளாக வந்துவிட்டாள். அதற்கப்புறம் நாலு ரயில்கள் பட்டைக்காரர்களாலேயே நிறைந்து போய்விட்டன. ஐந்தாவது ரயிலுக்கும் பட்டைக்காரர்கள் பக்கத்துச் சங்கிலியையே திறந்தபோது அக்கா தன் பக்கத்துச் சங்கிலியைக் கழற்றிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

விசில் மாட்டிய ஆபரேட்டர் இளைஞன் பக்கத்தில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தான். பட்டை போட்டவர்கள்தான் முதலில், அவர்கள் நிற்க வேண்டியதில்லை, அதற்குத்தான் காசு கட்டியிருக்கிறார்கள் என்றான். "நிக்காம எப்படித் தம்பி முன்னால வந்தாங்க? அதத்தான் கேக்கேன்" என்றாள் அக்கா. அவன் பொத்தானை அமுக்கிக் கம்பியை விடுவித்தான். அவள் மறுபடி இறக்கிக்கொண்டாள்.

வரிசையில் நின்றவர்கள் முதலில் கைதட்டினார்கள். ஐந்து நிமிஷம் போனதும் கைதட்டல் நின்றது. பத்து நிமிஷத்தில் அதே ஆட்கள், ஒருத்தியின் பிடிவாதத்துக்காக நாங்கள் வெயிலில் காய வேண்டுமா என்று சத்தம் போட ஆரம்பித்தார்கள். எங்கள் வேன் பெண்களே இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அக்கா சத்தம் வந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். திரும்பும்போதுதான் என்னைக் கண்டாள். பிறகு என் மணிக்கட்டை.

நான் சும்மா இருந்திருக்கலாம். பிள்ளைகள் இரண்டு பக்கமும் கையை இழுத்தார்கள், பின்னால் கல்லூரிப் பையன்கள் முனகினார்கள்.

"யக்கா, இறங்கிருங்க. பிள்ளைகளுக்கு நேரமாவுது" என்றேன்.

"அந்த வரிசையில நிக்கதும் பிள்ளைகதாம்ட்டி" என்றாள். கோபமே இல்லை. மில்லில் டப்பாவைக் காட்டுவதுபோல் கையை மட்டும் அந்தப் பக்கம் நீட்டினாள். அதற்கப்புறம் என் பக்கம் பார்க்கவில்லை.

மேனேஜர் வந்தார். டை கட்டிய, தன்மையாகப் பேசுகிற மனிதர். பையிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பட்டையை எடுத்து, இது உங்களுக்கு இலவசம், இன்று முழுக்க எதில் வேண்டுமானாலும் ஏறலாம், இப்போது மட்டும் இறங்குங்கள் என்றார்.

அக்கா பட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணு போதாது. அங்கன நிக்க அம்புட்டு பேருக்கும் கட்டிவிடுங்க."

"எல்லாருக்கும் கட்டினா அப்புறம் பட்டை எதுக்கு மேடம்?" மேனேஜர் யோசிக்காமல் சொல்லிவிட்டார்.

"அதத்தான் நானும் காலையிலிருந்து கேக்கேன்."

வரிசை முழுக்கச் சிரித்தது. கல்லூரிப் பையன்கள்கூடச் சிரித்தார்கள். மேனேஜரின் காது சிவந்துவிட்டது. இரண்டு பெண் காவலாளிகளை வரச்சொல்லிக் கையைக் காட்டினார். அக்கா அவர்களைக் கிட்டே வரவேண்டாம் என்று தடுத்து, ஒரு ரயில், ஒரே ஒரு ரயில், முழுக்க அந்த வரிசை ஆட்களை ஏற்றி விடுங்கள், நானாகவே இறங்கிக்கொள்கிறேன் என்றாள். அவருக்கும் வேறு வழி தெரியவில்லை. தலையை ஆட்டினார்.

முதல் பதினாறு பேர் ஓடிவந்து ஏறினார்கள். சற்றுமுன் அவளைத் திட்டியவர்களும் அதில் உண்டு. அக்கா கம்பியைத் தூக்கிவிட்டு இறங்கினாள். ஆபரேட்டருக்கே பாவமாகப் போய், நீங்கள்தானே முதல் ஆள், உட்காருங்கள் என்றான்.

"சங்கிலியைத் திறக்க முந்தி ஏறிட்டம்லா தம்பி. அது தப்புதான்" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, வளைவு வளைவாகப் பின்னால் நடந்துபோய் வரிசையின் கடைசியில் நின்றாள். மேனேஜர் அவளைப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டார்.

அடுத்த ரயில் எங்களுக்கு. ஏறினோம். அதை மறைத்து என்ன ஆகப் போகிறது. மேலே ஏறியபோது கீழே கடைசியில் அவள் தெரிந்தாள். பிள்ளைகள் சந்தோஷத்தில் கத்தினார்கள்.

ஊருக்குத் திரும்பியபின் நாலு நாள் கழித்து அரிசி கொண்டுபோனேன். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அக்கா பேசவில்லை. என் டப்பாவைப் பின்னுக்கும் தள்ளவில்லை. அதன் முறை வந்ததும் எடுத்து, நைசாக அரைத்து, ஓரத்தில் ஒட்டியிருந்ததையும் தட்டிப்போட்டு மூடிக் கொடுத்தாள். ஒரு வருஷம் இப்படியே போனது. அவள் என்னை ஒரு நாள் காக்க வைத்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறு வருஷக் கோடையில் வேன் கிளம்பியது. இன்னும் எதற்கு அந்தப் பார்க்குக்கு, வேறு எங்காவது போகலாமே என்று பெண்கள் கேட்டதற்கு, "அந்த வரிசைய நான் விடமாட்டேன்" என்றாளாம். எனக்கு இடம் கேட்டு ஆள் அனுப்பினேன். இடம் இருக்கிறது என்று பதில் வந்தது. நானும் பிள்ளைகளும் மட்டும் போனோம். அவள் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் இருந்தாள். நான் கடைசி சீட்டில்.

டிக்கெட் கவுன்ட்டரில் எங்கள் எல்லாருக்கும் கொடுத்தார்கள். அக்காவின் முறை வந்தபோது உள்ளிருந்த பெண் திரையைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், பிறகு ஒரு தாளை நீட்டினாள். போன வருஷ போட்டோவை வைத்திருக்கிறார்கள். இனி உள்ளே எந்தப் பிரச்சினையும் செய்யமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டால்தான் டிக்கெட். அக்கா தாளை நிதானமாக முழுக்கப் படித்தாள். கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தாள்.

நாங்கள் எல்லோரும் தயங்கி நின்றோம். "டிக்கெட் எடுத்தாச்சுல்லா, பிள்ளைகளக் கூட்டிட்டு உள்ள போங்க" என்று விரட்டினாள். வீட்டுக்காரர் குடையை விரித்து வேனின் படியில் உட்கார்ந்தார். நாங்கள் போனோம். நானும்தான்.

அக்கா வரிசையின் கடைசிக்குப் போய் நின்றாள். அரை மணியில் மறுபடி கவுன்ட்டர். ஒரு டிக்கெட் என்றாள். அந்தப் பெண் தாளை நீட்டினாள். அக்கா திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி கடைசிக்குப் போனாள்.

நுழைவாயிலை ஒட்டி ஒரு ஐஸ்கிரீம் கடை இருந்தது. அதன் கண்ணாடி வழியாகப் பார்த்தால் கவுன்ட்டர் தெரியும். பிள்ளைகளை வேன் பெண்களிடம் விட்டுவிட்டு நான் அங்கே வந்து வந்து நின்றேன். பதினொரு மணிக்கு அவள் வரிசை நடுவில் இருந்தாள். பன்னிரண்டுக்குத் தாளைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு மணிக்கு மேல் வெளியே கூட்டமே இல்லை. காலி முற்றத்தில் இரும்புத் தடுப்புகள் மட்டும் வெயிலில் கிடந்தன. குனிந்து நுழைந்தால் நாலே எட்டில் கவுன்ட்டருக்குப் போய்விடலாம். அக்கா அப்படிப் போகவில்லை. முன்னாலும் பின்னாலும் ஒருத்தரும் இல்லாத அந்தத் தடுப்புகளுக்குள், இடமும் வலமுமாக ஒவ்வொரு வளைவையும் சுற்றி நடந்து வந்து, ஒரு டிக்கெட் கேட்டாள். மறுபடி சுற்றி நடந்தாள். காவலாளி நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டான். உட்காரவில்லை. அவன் கொடுத்த தண்ணீரை மட்டும் வாங்கிக் குடித்தாள்.

நாலு மணிக்கு மேல் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கவுன்ட்டர்ப் பெண் தாளை நீட்டவில்லை. எழுந்து நின்று, டிக்கெட்டை இரண்டு கையாலும் கொடுத்தாள். என்ன சொன்னாள் என்று கண்ணாடிக்குள் எனக்குக் கேட்கவில்லை. மேனேஜர் கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன், இனிமேல் உங்களை என்னால் நடக்க வைக்க முடியாதும்மா என்றாளாம். இதை அக்காவின் வீட்டுக்காரர் ஊரில் எல்லாரிடமும் சொன்னார். அவர் வாழ்நாளில் பேசிய நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

அக்கா நைலான் உடைக்கும் போகவில்லை, ஐஸ்கிரீம் கடையில் நின்ற என்னையும் பார்க்கவில்லை. நேராக மலைப்பாம்புக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போகாமல், வேன் பெண்களைத் தேடிப்போய், அக்கா உள்ளே வந்துவிட்டாள் என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினேன். மூச்சு வாங்கியது. மூடும் நேரம் நெருங்கிவிட்டதால் பட்டைக்காரர்களின் வழியில் ஆளே இல்லை. பொது வரிசையில் முப்பது பேர் இருப்பார்கள். கடைசியில் அவள்.

விசில்காரப் பையன் வரிசையை முடித்துவைக்கச் சங்கிலியோடு வந்துகொண்டிருந்தான். அவனுக்கு அவளை நினைவிருந்தது. சிரித்துக்கொண்டே, "அம்மா, இன்னைக்கு நீங்கதான் கடைசி ஆள்" என்று அவளுக்குப் பின்னால் சங்கிலியை மாட்டப் போனான்.

அக்கா திரும்பினாள். இருபதடி தூரத்தில் நான் ஓடி வந்துகொண்டிருந்தேன். என் மணிக்கட்டைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. அதில் ஒன்றும் இல்லை. கையை நீட்டிச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல தம்பி, பொறு" என்றாள். "எனக்குப் பின்னால ஆளு இருக்கு."